முப்பதைத் தாண்டாதீங்க, மாப்பிள்ளை

குளிர்காலத்தில் நிறுத்திவைக்கும் காருக்குக் கைபிரேக் போடக் கூடாது, மேடம். பனி உருகிய ஈரம் உள்ளே போய் உறைந்தால் சக்கரம் இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் இழுக்க வண்டிதான் வர வேண்டும். கியரை பார்க்கிங்கில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்தால் போதும். நீங்கள் தலைநகர் தாலினில் இருக்கிறவர், உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் ஹீயுமா தீவில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

என் காரை நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா? கருநீலம், ஜெர்மன் கார். பல் டாக்டராகக் காலமெல்லாம் தீவுக்காரர்களின் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவன் நான். ஓய்வு பெற்றதும் எனக்கென்று வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான். மனைவி போன பிறகு வீட்டில் என் பேச்சுக்குக் கட்டுப்பட்டதும் அது ஒன்றுதான். முதல் உறைபனிக்கு முன்பே நாலு சக்கரத்துக்கும் ஆணி டயர் மாட்டுவேன். கதவு ரப்பர்களுக்குக் கிளிசரின் தடவுவேன், இல்லாவிட்டால் காலையில் கதவு ஒட்டிக்கொள்ளும். டேங்க்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டேன். சாலை உப்பில் போய்வந்தால் அடிப்பாகத்தைக் கழுவாமல் சாப்பிட உட்கார மாட்டேன்.

இதெல்லாம் என் மருமகன் ராய்கோவுக்குக் கேலி. காருக்கு அவன் வைத்த பெயர் சின்ன மாமி.

"என்ன மாமா, சின்ன மாமி குளிச்சாச்சா? போர்வை போத்தி விட்டீங்களா? பாவம், சளி பிடிச்சிடப் போகுது!"

சாப்பாட்டு மேசையில், பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால், நீராவிக் குளியல் அறையில் துணியில்லாமல் உட்கார்ந்திருக்கும்போதுகூட. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைப்பேன். என் மகள் லீவி அவனைத் தொடையில் தட்டி, "சும்மா இருங்க, அப்பா கோச்சுக்குவாரு" என்பாள். சொல்லிவிட்டு அவளும் சிரிப்பாள்.

அந்த வாரக் கடைசியில் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் மட்டும் படகேறி அக்கரைக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும், லீவி என்னோடு ஒரு வாரம் தங்குவாள் என்று ஏற்பாடு. சனிக்கிழமை அவன் கார் கிளம்பவில்லை. கிளம்பாதுதான். பேட்டரியை அவன் என்றைக்குப் பார்த்திருக்கிறான்? என் காரை வெளியே எடுத்து நிறுத்தி, அவன் காரை என் ஷெட்டுக்குள் தள்ளி, ராத்திரி முழுக்க சார்ஜரில் போட்டுவைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்காக என் காரைப் பனியில் விட்டவன் நான்.

காலையில் காபிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் கெட்டிலைக் காணோம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். ராய்கோ என் காருக்கு முன்னால் நின்று, பனி படிந்த முன்கண்ணாடியில் கொதிநீரை ஊற்றிக்கொண்டிருந்தான். டப்பென்று ஒரு சத்தம். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை விரிசல் ஓடிவிட்டது.

"ஐயையோ! சாரி மாமா, நீங்க சுரண்டிக் கஷ்டப்பட வேணாமேன்னுதான்..." என்றான். என் முகத்தைப் பார்த்தும் அவனுக்கு வாய் நிற்கவில்லை. "விடுங்க மாமா, கண்ணாடிதானே! இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம். சின்ன மாமிக்குப் புது மூக்குக்கண்ணாடி!"

வாசலில் நின்ற லீவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது, மேடம். அவன் சிரித்ததற்குக்கூட அல்ல, அவள் சிரித்ததற்கு.  உள்ளே போய் மறுபடி தண்ணீர் வைத்தேன்.

காபி குடிக்கும்போது கப்பல் துறையிலிருந்து செய்தி வந்தது. நீர்மட்டம் இறங்கிவிட்டது, படகு மாலைவரை இல்லை. கடல் உறைந்ததும் கார்களுக்காக அரசாங்கம் போடும் பனிப்பாதை இன்னும் திறக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் உறைந்த கடல்மேல் ஜூனிப்பர் புதர்க் கிளைகளை வழி அடையாளமாக நட்டு, தங்கள் பொறுப்பில் போய்வந்துகொண்டிருந்தார்கள். அந்த வழியில் காவலும் கிடையாது, விதிகளை எழுதிய பலகையும் கிடையாது. ராய்கோ ஒருநாளும் கடல்மேல் ஓட்டியதில்லை.

என்னிடம் வந்து கேட்டான். முதல் தடவையாகக் கேலி இல்லாமல் கேட்டான்.

"மாமா, எப்படி ஓட்டணும்னு சொல்லுங்க. எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு."

"பயப்பட ஒண்ணுமில்லை, மாப்பிள்ளை. பெல்ட்டை நல்லா இறுக்கிப் போட்டுக்கங்க. கதவைப் பூட்டிக்கங்க. ஜன்னலை ஏத்திட்டு ஹீட்டரைப் போடுங்க. வேகம் வேணாம், முப்பதைத் தாண்டாதீங்க. மீன் வேன் ஒண்ணு இப்பக் கிளம்பும், அதை ஒட்டியே போங்க. வழி தவறாது."

இதில் என்ன தப்பு என்று அன்றைக்கு என்னைக் கேட்டீர்களே. தார்ச்சாலையில் ஒரு தப்பும் இல்லை. மருமகன்மேல் அக்கறை உள்ள எந்த மாமனாரும் இதைத்தான் சொல்வான்.

கடல்மேல் எல்லாம் தலைகீழ். பெல்ட் போடக் கூடாது. கதவைப் பூட்டக் கூடாது. ஜன்னல் இறங்கியிருக்க வேண்டும். பனி உடைந்தால் வெளியே குதிக்க வேண்டும், அவ்வளவுதான். முன்னால் போகும் வண்டிக்கு வெகுதூரம் பின்னால் போக வேண்டும், இரண்டு பாரமும் ஒரே இடத்தில் விழக் கூடாது. ஒன்று ஆமைபோல் ஊர வேண்டும், இல்லை நாற்பதுக்கு மேல் விரட்ட வேண்டும். இடையில் உள்ள வேகத்தில்தான் பனிக்கு அடியில் தண்ணீர் அலையாகத் திரண்டு மேலே முட்டும். முப்பது என்பது நடுமத்தியில் இருக்கிறது. நான் தெரியாமல் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் தெரிந்துதான் சொன்னேன்.

அவன் கிளம்பும்போது லீவி கோட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அப்பா, இவரைத் தனியா அனுப்ப மனசில்லை. அந்தப் பக்கம்வரை கூடப் போயிட்டு, சாயங்காலப் படகுல வந்துடறேன்."

அப்போது நான் வாயைத் திறந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும், மேடம். திறந்தேன். ஆனால் ராய்கோ தன் பையை என் காரின் பானெட்மேல் வைத்துவிட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். பையை எடுக்கும்போது ஜிப் ஒரு கோடு கிழித்தது. அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

லீவி நான் வளர்த்த பெண். இந்தக் கடல்மேல்தான் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். கரை தாண்டியதும் பெல்ட்டைக் கழற்றுவாள், ஜன்னலை இறக்குவாள் என்று எனக்குத் தெரியும். அப்படியே செய்தாள். அதனால்தான் இன்று ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறாள். அவளைக் காப்பாற்றியது யார் என்று அவளிடம் யாராவது பொறுமையாக எடுத்துச் சொன்னால் நல்லது.

அவள் உங்களிடம் சொன்னதை நேற்று படித்துக் காட்டினீர்கள். "பெல்ட்டைக் கழட்டுங்க, வேகத்தை மாத்துங்க, வேனை விட்டுத் தள்ளி வாங்க" என்று அவள் கத்தியிருக்கிறாள். அவன், "உங்கப்பா சொல்லியிருக்காரு லீவி. இந்த ஐஸைப் பத்தி அவரைவிட உனக்குத் தெரியுமா?" என்றானாம். வேன் தப்பித்துப் போய்விட்டது, பின்னால் வந்த இவர்கள் பனி உடைந்து உள்ளே போய்விட்டார்கள்.

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. வந்த நாளிலிருந்து என் பேச்சைக் கிள்ளுக்கீரையாக நினைத்தவன், மரியாதை கொடுக்க வேறு நாளே கிடைக்கவில்லையா? ராத்திரி தூங்கவில்லை. அதற்கும் அவன்மேல்தான் கோபம்.

ஆமாம், அவனைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

லீவி என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். விழிப்பாள். சின்ன வயதிலிருந்தே அவள் கோபம் ரெண்டு நாளைக்குத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் நேரே வீட்டுக்குத்தான் வருவாள். கார் இன்னும் வெளியில்தான் நிற்கிறது, அந்த விரிசலோடு. சாவி அடுப்புக்கு மேலே தொங்குகிறது. ஷெட்டுக்குள் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், இப்போது அங்கே இடம் காலியாகத்தான் இருக்கிறது. கைபிரேக் மட்டும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், மேடம்.