மூட விடாத பெட்டி

உட்காரச் சொல்லாதீர்கள் சார், நின்றுகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

என் பெயர் யாமினி. மாதாப்பூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் எழுத்து வேலை. கத்தி வைக்காமல் புற்றுநோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் ஒரு மூலிகை நிலையம் எங்கள் வாடிக்கையாளர். இணையத்தில் யாராவது மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் என்று தேடினால், எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் விளம்பரம் வரும். அதைத் தொட்டால் நிலையத்தின் பக்கம் திறக்கும். ஒவ்வொரு தொடுகைக்கும் நாங்கள் பணம் கட்டுகிறோம். ஆனால் வருகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள்.

"காசு குடுத்துக் கூட்டிட்டு வர்றோம், வாசல்லயே திரும்பிப் போயிடறாங்க. ஏதாவது பண்ணும்மா," என்றார் முதலாளி கோட்டேஸ்வர் ராவ்.

பண்ணினேன். மவுஸின் அம்புக்குறி பக்கத்தை மூடப்போகும் நொடியில் ஒரு பெட்டி குதித்து வரும். முதலில் அதில் இலவச ஆலோசனை உண்டு என்று எழுதினேன். யாரும் நிற்கவில்லை. பிறகு அதைக் கேள்வியாக்கினேன். "அவர் உயிரோடு இருக்க வேண்டுமா?" கீழே இரண்டு பொத்தான்கள். "ஆம், என்னை அழையுங்கள்." "வேண்டாம், அவர் போனால் போகட்டும்." பெட்டியை மூட மூலையில் இருக்கும் சின்னப் பெருக்கல் குறியை எடுத்துவிட்டேன். அதன்பின் நின்றார்கள்.

பக்கத்துக்கு வருகிறவர்களின் அம்புக்குறி எங்கெல்லாம் போகிறது என்பது பதிவாகும். தினமும் அதைப் பார்ப்பேன், பார்க்காமல் இருக்க முடியாது. ஒருவருடைய அம்புக்குறி 'வேண்டாம்' வரை போனது, விலகியது, திரையின் ஓரத்துக்கு ஓடியது, மறுபடி வந்தது. நான்கு நிமிடம். நான் நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. கடைசியில் அவர் 'ஆம்' என்பதை அழுத்தினார். அன்று ஆலோசனை சொல்லும் பெண் விடுப்பு. அவர் கொடுத்த எண்ணுக்கு நானே பேசினேன்.

பெயர் பைடிராஜு. ஸ்ரீகாகுளம் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர்.

"வியாழக்கிழமை வைசாக் பெரியாஸ்பத்திரில என் சம்சாரத்துக்கு ஆபரேஷன் மேடம். அப்பலநரசம்மா ரொம்பப் பயப்படறா. வேற வழி இருக்கான்னு சும்மா பாத்தேன். மூடப்போனா இப்படிக் கேக்குது. அதை எப்படி மேடம் அமுக்குவேன்?" வெட்கப்பட்டவர்போல லேசாகச் சிரித்தார். "உங்க வீட்ல யாருக்காவது வந்தா வெட்ட விடுவீங்களா?"

"விடமாட்டேங்க," என்றேன். "வியாழக்கிழமை போகாதீங்க. நாங்க கஷாயம் அனுப்பறோம்."

அவர் போகவில்லை.

ஏழு மாதம் கழித்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் மருத்துவ அறிக்கைகள். அப்பலநரசம்மா இறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. சண்டை போடுவார் என்று நினைத்து ராவ் காவலாளியைக் கூப்பிட்டார். பைடிராஜு குரலை உயர்த்தவே இல்லை.

"அந்தக் கேள்விக்கு நான் எதை அமுக்கியிருக்கணும் மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

"அது கம்ப்யூட்டர் தானா கேக்கறதுங்க," என்றேன். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் எழுந்து போனார். நேராக உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறார். அவர் புகாரில் எழுதியிருப்பது எல்லாம் உண்மை. அவர் போன பிறகும் பெட்டியை நான் எடுக்கவில்லை. நேற்று நீங்கள் கணினிகளை எடுத்துப்போகும்வரை அது இருந்தது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். என் அம்மாவுக்கும் இதே நோய் வந்தது, ஆறு வருடத்துக்கு முன்னால். கத்திக்குப் பயந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான்தான் கதவைத் தட்டித் தட்டி வெளியே வரவைத்து, ஆட்டோவில் ஏற்றி அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனேன். இன்று காலைகூட எனக்குப் பெசரட்டு வார்த்துக் கொடுத்தாள். அந்த நாட்களில் என் திரையில் அப்படி ஒரு பெட்டி வந்திருந்தால், போனால் போகட்டும் என்பதை அழுத்திவிட்டு அம்மாவை ஆட்டோவில் ஏற்றியிருப்பேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் சார் அதை எழுதினேன்.