அவன் பார்க்காத பக்கம்

பனி விழும் நாளில் ஆட வேண்டியிருந்தால் கைகளில் வாஸ்லின் தடவிக்கொள்வேன். குளிர் உள்ளே இறங்காது.

டொலீடோவின் அமெரிக்கக் கால்பந்து அணியில், பந்தைக் கையால் எறிந்து ஆடும் ஆட்டத்தில், என் வேலை ஒன்றுதான். பந்து எறிபவன் வலது கைக்காரன். கையை ஓங்கும்போது அவனுக்கு இடது பக்கம் தெரியாது. அங்கிருந்து பாய்ந்து வருபவனை நான் உடம்பால் நிறுத்த வேண்டும். இதில் என் விரல்கள் எல்லாமே ஒடிந்திருக்கின்றன. பிறர் விரல்களை நானும் ஒடித்திருக்கிறேன்.

எறிபவன் பெயர் ட்ரே விட்லோ. தன்னைக் காக்கும் ஐந்து பேருக்கும் எறிபவன் கிறிஸ்துமஸ் பரிசு தருவது வழக்கம். அந்த வருடம் தோல் கோட்டு. தனக்கும் ஒன்று வாங்கியிருந்தான். உடை மாற்றும் அறையில் என் சட்டைக் கொக்கியில் மட்டும் ஒரு தூண்டில் தொங்கியது. என் கோட்டைப் புதிதாகச் சேர்ந்த ப்ரூயிட் போட்டிருந்தான்.

"அடுத்த வருஷம் உன் இடம் அவனுக்குத்தான், பெருசு. நீ போய் மீன் புடி," என்றான் ட்ரே.

"ஏரியில விழுந்துடாத தாத்தா, தூக்க கிரேன் வேணும்," என்றான் ப்ரூயிட்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை.

அந்த ஞாயிறு வென்றால்தான் அடுத்த சுற்று. எதிரணியின் கெய்ன்ஸ் ஆட்டம் முழுக்க என் தாடையில் தலையால் இடித்தான். என் பல் உதட்டைக் கிழித்து வெளியே வந்தது. அப்படியும் நான் அவனை உள்ளே விடவில்லை.

கடைசியில் ட்ரே என்னைத் தட்டிக்கொடுத்தான். "என் முதுகு உன் பொறுப்பு, பெருசு."

பந்து ட்ரேயின் கைக்கு வந்தது. நான் காலை அரை அடி உள்ளே தள்ளி வைத்தேன். வழி திறந்ததில் கெய்ன்ஸுக்கே ஆச்சரியம். ட்ரே திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் நான் இருந்தேன் அல்லவா.

கெய்ன்ஸின் தலைக்கவசம் ட்ரேயின் பின்கழுத்தில் இறங்கிய சத்தம் அத்தனை கூச்சலிலும் எனக்குக் கேட்டது. அவன் கால் ஒன்று பனியைக் கொஞ்சம் உதைத்துவிட்டு நின்றது. நான் வழுக்கிவிட்டேன் என்று கோச் தானாகவே சொன்னார். நான் மறுக்கவில்லை.

இப்போது கழுத்துக்குக் கீழே அவனுக்கு எதுவும் அசையாது. வாராவாரம் அவனைப் பார்க்கப் போகிறேன். அந்தத் தூண்டிலில் பிடித்த மீனை வறுத்து ஊட்டுகிறேன். முள்ளோடு ஒரு நாளும் ஊட்டியதில்லை.

"உன்னை மாதிரி யாரும் இல்ல, பெருசு," என்று அழுகிறான்.

வேண்டுமென்றேதான் விட்டேன். எங்கே அடி விழும் என்றும் தெரியும். நான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். கோட்டுக்காகவா என்று கேட்கிறீர்கள். ஒரு கோட்டுக்காக யாராவது இதைச் செய்வார்களா?

நான் போட்டிருக்கும் இந்தக் கோட்டு ட்ரேயுடையது. அவன் அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். பொத்தான் போட முடியவில்லை. இருந்தாலும் கழற்றச் சொல்லாதீர்கள்.