பேர் கேட்ட கல்

எங்க மாமியாருக்கும் மாமியார் இங்க வாழ வர்றதுக்கு முன்னாடி, இதே நத்தக்குளத்துல வெயிலுகந்தான்னு ஒருத்தன் இருந்தானாம். பொண்டாட்டி மேலப்பட்டியில இருந்து வந்தவ. அதனால மாமியா, கொழுந்தன், புருஷன் எல்லாருக்கும் அவ 'மேலப்பட்டியா'தான். வாழவந்தவளுக்கு அப்பன் வச்ச பேரு எதுக்கு? ஊர் பேரு போதாதா?

சோளக்காட்டுக் காவலுக்குப் போன வெயிலுகந்தான் பரணே கதின்னு கிடந்தானாம். வீட்டுக்கு வர்றதே இல்ல. போற வர்ற பொம்பளைககிட்ட வாயாடுறதுதான் வேலையாம்.

மாமியா சொன்னாளாம், "தை பொறக்குமுன்ன அவனைக் கூட்டிட்டு வா. இல்ல, வேற பொண்ணு பாத்துருவேன்."

என்ன செய்வா? இரவல் சேலை கட்டி, கன்னத்துல பச்சை குத்துன மாதிரி மையால புள்ளி வச்சு, முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்து, குரல் தெரியாம இருக்க வாய் நிறைய வெத்தலையை அதக்கி, மோர்ப்பானையோட போனாளாம்.

"மோரு, மோரேய்!"

பரண்ல இருந்து குதிச்சு வந்தானாம். "கால் சுடலையா மோர்க்காரி? அந்தக் கல்லுல செத்த உக்காரு."

எட்டு வருஷத்துல அவளை உக்காருன்னு அவன் சொன்னதில்லையாம். உக்காந்தாளாம்.

"உன் பேரு என்ன?"

சொன்னா தெரிஞ்சிரும்னு பயம். தெரியட்டுமேன்னும் ஒரு ஆசை. நெசமான பேரையே சொன்னாளாம். "சிவனணைஞ்சா."

"சிவனணைஞ்சா!" நாக்குல வெல்லம் வச்ச மாதிரி சொன்னானாம். "இப்படி ஒரு பேரை நான் கேட்டதே இல்ல. என்கூட இருந்துரு. வீட்டுல மேலப்பட்டியான்னு ஒரு மரக்கட்டை கிடக்கு. அவளைத் துரத்திருதேன்."

முக்காட்டை எடுத்தாளாம்.

சுத்தும் முத்தும் பாத்தானாம். பெறகு, "ஏ மேலப்பட்டியா, எந்திரி. சனம் பாக்குது."

"மேலப்பட்டியில ஆயிரம் பேரு இருக்காக. யாரைக் கூப்பிடுதீரு?"

கெஞ்சினானாம். அதட்டினானாம். கைய ஓங்கினானாம். அவ அசையல. அழவும் இல்லையாம். அழுறதுக்கும் தெம்பு வேணும்ல. களையெடுக்கிற சனமெல்லாம் வரப்புல கூடிருச்சாம். கடைசியா ஊரே கேக்க, "சிவனணைஞ்சா, வீட்டுக்கு வா"ன்னானாம்.

எந்திரிச்சாளாம். கால்தான் எந்திரிச்சது, மனசு எந்திரிக்கலைன்னு சொல்லுவாக.

அதான் ஓடைப்பக்கம் இருக்கிற பேர் கேட்ட கல்லு. இன்னைக்கும் இந்த ஊருக்கு வாழ வர்ற பொண்ணை அதுல உக்கார வச்சு, மாப்பிள்ளை மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிடணும். அப்பத்தான் அவ எந்திரிப்பா.

எங்க வீட்டுக்காரரும் கூப்பிட்டாரு. மூணு தடவை. அதோட சரி.