ஒரே காற்றுக் குழாய்

உங்க ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கம்மி சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன்.

எங்கே விட்டேன்? பூஞ்சை. அதைத் தொட்டியில் வளர்த்து, வெல்லப்பாகும் எண்ணெயும் ஊற்றி, காற்று ஊதிக்கொண்டே இருந்தால் அது சோப்பு செய்யும். தேன் நிறத்தில் தொட்டியின் அடியில் படியும். ஆட்டுத்தோலின் கொழுப்பை அதுவே கழுவிவிடும், ரசாயனம் வேண்டாம். பாலாறு நுரைக்காத ஒரு நாளைப் பார்க்க ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் ஆம்பூரில் இந்தத் தோல் பதனிடும் ஷெட்டுக்கு வேலைக்கு வந்தேன். ஆனால் காற்று நின்றால் பூஞ்சை செத்துவிடும். முன்பு வளர்த்ததெல்லாம் அப்படித்தான் போயிற்று. இந்த முறைதான் தேன் படிந்தது.

கழிவுக் குழியில் இறங்கிச் சேறு அள்ளும் தேவசகாயம் அண்ணன் தினமும் கேட்பார். “இன்னா மேடம், உங்க புள்ள சாப்ட்டுச்சா? எங்க வூட்டுப் புள்ளைக்கே இவ்ளோ வெல்லம் கெடைக்கல.” நானும் சிரிப்பேன்.

அன்று காலை தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் எரிந்துபோனது. மிச்சமிருந்த ஒரே புளோயர், விஷவாயு தங்காமலிருக்கக் குழிக்குள் காற்று ஊதிக்கொண்டிருந்தது. உள்ளே அண்ணன். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே பிடித்திருந்த கோவிந்தசாமியை எலக்ட்ரீஷியனைக் கூட்டிவர அனுப்பினேன்.

“கயித்த கையிலயே வெச்சிக்கங்க மேடம். தூண்ல கட்டிடாதீங்க. அவரு ஆட்னா உடனே இழுக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனை மேலே வரச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். வந்திருப்பார். ஆனால் மெதுவாகத்தான் ஏறுவார். தொட்டியில் அதற்குள் நுரை அடங்கத் தொடங்கியிருந்தது.

குழியிலிருந்து குழாயை உருவினேன்.

“இன்னா மேடம், காத்து கம்மியாய்ட்ச்சே?”

“ரெண்டே நிமிஷம், அண்ணா.”

தொட்டியில் குழாயை மாட்ட இரண்டு கையும் வேண்டும். கயிற்றைத் தூணில் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் கயிறு ஆடியது. மறுபடியும் ஆடியது. பார்த்துக்கொண்டேதான் மாட்டினேன் சார், பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பிறகு அது தளர்ந்தது. தொட்டியில் நுரை எழுந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர்மேல் எனக்கு என்ன கோபம்? இந்தச் சோப்பு வந்துவிட்டால் அந்தக் குழியில் விஷமே இருக்காது. அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இவ்வளவும்.

ஷெட்டுக்கு சீல் வைத்து கரண்ட்டையும் எடுத்துவிட்டார்களாம். தொட்டி மூடியே கிடக்கும். காற்றில்லாமல் ஒரு உயிர் தவிப்பது பெரிய பாவம் சார். யாரையாவது அனுப்பி, கரண்ட் கொடுத்து, அந்த புளோயரை மட்டும் போடச் சொல்கிறீர்களா?