சான் பெத்ரோவின் முகம் சிவக்கவில்லை

மழை நாளில் படகு ஒட்டுகிற பிசின் சரியாக இறுகாது. எங்கள் தீவில் மழை இல்லாத நாள் அபூர்வம். அதனால் படகு வேலைக்கு வருகிறவர்களிடம் அவசரப்படாதீர்கள் என்று எப்போதும் சொல்வேன். என் மகளைக் கட்டிக்கொள்ள இருந்த அலிரோவிடமும் அதைத்தான் சொன்னேன்.

உங்கள் மேசைமேல் இருக்கிறதே, ஐயா, அந்த மூடிதான். அலிரோவின் ‘எதெல்வீனா’ படகில் சுக்கானுக்கு முன்னால் மீட்டர்களை மூடியிருப்பது. நடுவிலிருந்து மூலைவரை விரிசல் ஓடியிருந்தது. அலிரோ அதைக் கழற்றிக் கோணிப்பையில் சுற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தான்.

“நண்டுக் கூடை விழுந்துடுச்சு, மாமா.”

“கூடை விழுந்த மாதிரி இல்லையே. நண்டு வெளிய வந்து குத்துன மாதிரில்ல இருக்கு?”

சிரித்துக்கொண்டே வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். முட்டியில் தோல் உரிந்திருந்தது. எஞ்சின் கிளம்பாவிட்டால் அவனுக்குக் கோபம் வரும். மற்றபடி நல்ல பையன். குடிக்க மாட்டான், என் மகளை மரியாதையாக நடத்தினான். அவன்மேல் எனக்குப் பகை என்று கடற்கரையில் பேசுவது பொய்.

அந்த மூடியில் சிவப்பு விளக்குக்கு ஒரு துளை உண்டு. படகின் அடிவயிற்றில் தண்ணீர் ஏறினால் விளக்கு எரியும். கூடவே அடிக்க வேண்டிய மணி எப்போதோ செத்துவிட்டது. அலிரோவின் அம்மா, அவள் காலத்தில், அந்தத் துளைமேலேயே மீனவர்களின் புனிதர் சான் பெத்ரோவின் படத்தை ஒட்டிவிட்டாள். மெல்லிய தாள். விளக்கு எரிந்தால் புனிதரின் முகம் சிவக்கும். “கிழவருக்குக் கோபம் வந்துடுச்சு” என்று சொல்லி பம்பைப் போடுவார்கள். முகம் வெளுத்திருந்தால் அடிப்பலகையை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. தூக்கினால் புனிதரைச் சந்தேகப்பட்ட மாதிரி. கிளம்பும்போது இரண்டு விரலால் அவர் காலைத் தொட்டுவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

தெற்கே, கடல் தாண்டி ஐசேனில் அலிரோவுக்கு வேலை கிடைத்திருந்தது. கல்யாணத்தை அங்கேயே வைத்துக்கொள்வதாக இருந்தார்கள். என் மனைவி போன பிறகு வீட்டில் நானும் என் மகள் எடித்தாவும்தான். நான் இதை என் கையால் எழுதுகிறேன் என்றால், அது எடித்தா சொல்லிக்கொடுத்த எழுத்து. பிசின் படிந்த விரலைப் பிடித்துப் பிடித்து எழுத வைத்தாள். அவள் போகிறாள் என்று தெரிந்தபோது நான் சத்தம் போடவில்லை. மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டேன்.

“நடந்து வந்து பாக்கற தூரத்துல இருந்தா போதும்மா. வேற எதுவும் கேக்கல.”

“நடக்கற தூரத்துல பக்கத்து வீட்டுப் பன்னிதான் இருக்குது. அதுக்குக் கட்டிக்குடுக்கறியா?”

“அலிரோவ விட அது சுத்தமா இருக்கும்.”

“போப்பா. கிறிஸ்துமஸுக்கு வந்துடுவேன், உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டு வை.”

அப்படிச் சிரித்தாள். ஒரு தகப்பன் கேட்டது பெரிய ஆசை இல்லை என்பதை நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

வேலையைச் சொல்கிறேன். விரிசல் முடிகிற இடத்தில் சின்னத் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் அது மேலும் ஓடும். பிறகு விரிசலை அகலமாகச் சுரண்டி, பின்பக்கம் கண்ணாடி இழைத் துணியை வைத்து, பிசின் பூசி, அடுப்புக்குப் பக்கத்தில் காயவிட வேண்டும். இதற்காகப் புனிதரை உரித்தேன். உரிக்கும் முன் சிலுவை போட்டுக்கொண்டேன். தேய்த்து வெள்ளை அடித்த பிறகு அவரைப் பழைய இடத்திலேயே ஒட்டினேன். ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை.

விளக்குத் துளையையும் இழையால் அடைத்திருந்தேன். மறதி என்று விசாரணையின் முதல் நாள் உங்களிடம் சொன்னேன். மறதி இல்லை.

மூடியைத் திருகி வைக்கப் படகுக்குப் போனபோது எஞ்சின் பக்கமும் இறங்கினேன். கடல் தண்ணீர் உள்ளே வரும் ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கிற இரும்புப் பட்டையைத் தளர்த்தினேன். தண்ணீர் மெல்ல ஏறும், எஞ்சின் நனைந்து நிற்கும், வளைகுடாவின் வாயைத் தாண்டும் முன் யாராவது கட்டி இழுத்து வருவார்கள், பிள்ளை பயந்துபோய் இங்கேயே இருந்துவிடுவாள். இதுதான் என் கணக்கு. ஒரு சுற்று மட்டும் தளர்த்தியிருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும். நான் பட்டையைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். குழாய் தானாகக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கும். அது எனக்குத் தெரியும்.

அவள் அந்தப் படகில் ஏறாமல் கப்பலில் பின்னால் போவாள் என்று நினைத்தேன் என்றும் சொல்லியிருக்கிறேன். அதையும் அடித்துவிடுங்கள். அவள் பெட்டியைப் படகில் ஏற்றியது நான்தான்.

அலிரோ மூடியைத் தடவிப் பார்த்தான். “விரிசல் எங்க இருந்துச்சுன்னே தெரியல, மாமா. உங்க கைக்கு முத்தம் குடுக்கணும்.”

“குடுக்காத, அப்பாவுக்குத் தலைக்கனம் ஏறிடும்,” என்றாள் எடித்தா. பிறகு என்னைப் பார்த்து, “ஒட்டு நிக்குமாப்பா?” என்று கேட்டாள்.

“நிக்கும்,” என்றேன்.

சொல்ல வேண்டிய வேறு வார்த்தை அப்போது வாயில் இருந்தது. அவள் இரண்டு விரலால் புனிதரின் காலைத் தொட்டாள். முகம் வெளுப்பாக, அமைதியாக இருந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டேன். கை காட்டினாள், நானும் காட்டினேன்.

கோர்கோவாதோ கடலின் நடுவில் காற்று திரும்பியது என்று மற்ற படகுக்காரர்கள் சொன்னார்கள். இரண்டு பேரும் கடைசிவரை புனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள். அலிரோ இன்னும் கிடைக்கவில்லை. எடித்தா வடக்குப் பாறையில் ஒதுங்கினாள், சுக்கான் அறையின் ஒரு துண்டும் கூடவே. அந்தத் துண்டில் மூடி அப்படியே இருந்தது. எங்கள் ஆட்கள் யாரும் அந்தப் படத்தை உரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் வெளியூர், நகத்தால் கிள்ளி எடுத்து, அடைத்த துளையைப் பார்த்துவிட்டீர்கள். அதனால்தான் இதை எழுத வேண்டி வந்தது.

எடித்தாவைத் தேவாலயத்துக்குப் பின்னால், மேட்டில் புதைத்தோம். நீங்கள் என்னைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிவரும்வரை ஒவ்வொரு காலையும் வெந்நீர்க் குடுவையும் மாத்தேயும் எடுத்துக்கொண்டு போய் அவளோடு உட்கார்ந்திருந்தேன். அவளை நான் இழந்துவிட்டேன் என்று ஊரில் அழுகிறார்கள். எனக்கு அது புரியவில்லை, ஐயா. வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.