தலைகீழாய்த் தொங்குகிறவர்

இரண்டாம் உலக யுத்த காலம். ஓர்ஸ் ஹில் கூப்பன் கடையில் அரிசிக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் ஒரு வெள்ளைக்கார நோனா வீட்டில் ஆயா. மூத்தவள் பக்கத்துச் சல்லிக் கிராமத்துக்காரி. அவள் கணவன் கப்பல் வேலைக்குப் போய் நாலு மாதமாகக் கடிதம் இல்லை என்பது அவர்கள் பேச்சில் தெரிந்தது.

“தலைகீழாத் தொங்கினவனை நேராக்கி வைச்சது பிழையாப் போச்சு, அக்கா,” என்றாள் ஆயா.

“ஆரை?”

“நோனா குறி பாக்கிற சீட்டில ஒரு படம். ஒரு ஆளை ஒற்றைக் காலில கட்டித் தூக்கியிருக்கு. பாவமெண்டு திருப்பி வைச்சன். நோனா சிரிச்சுப்போட்டு, அவனுக்கு அதுதான் நேர், திருப்பினாத்தான் கெட்ட குறி எண்டா.”

“தொங்கிறவனுக்கு என்ன நேர்?”

“நானும் கேட்டனான். ‘முகத்தைப் பார்’ எண்டா. பாத்தால் அவன் அழேல்லை, அக்கா. தலையைச் சுத்திச் சாமிப்படம் மாதிரி ஒளி. அவன் சாகேல்லையாம், பொறுத்துக் காத்திருக்கிறானாம். நோனா தான் முதல்ல சொல்லாமல் எங்களையே பாக்க வைக்கிறா. என்ன கெட்டிக்காரி!”

மூத்தவள் கூப்பன் புத்தகத்தை இறுக்கிப் பிடித்தாள். “என்ர மனுசனுக்கும் கேக்கச் சொன்னனான். கேட்டனியோ, தங்கச்சி?”

“ஓம். சீட்டில அந்தத் தொங்கிறவன்தான் வந்தான்.”

“எப்பிடி வந்தவன்?”

“கால் மேலை, தலை கீழை.”

மூத்தவள் சட்டென்று பின்னால் திரும்பினாள். என்னை யாரென்றே அவளுக்குத் தெரியாது. முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் சொன்னாள்:

“என்ர மனுசன் தலைகீழாத் தொங்கிறாராம்!”