சுண்ணாம்புக் கோடு

காந்திபுரத்திலிருந்து அன்னூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். செல்போனில் கோடை வானிலை பார்த்துக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து சொன்னார்.

"ஆரையெல்லாம் சாக உடறதுன்னு நீயே சொல்லிப்போடு புள்ள."

தென்னை மரங்களைச் சொல்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"இந்தக் கோடையிலயும் மழை இல்லைங்களா?"

"வெயிலு இன்னும் சாஸ்தியாம். குளமே வத்திப்போச்சு. போர் தண்ணி எல்லா மரத்துக்கும் பத்தாது. உடற மரத்துக்கெல்லாம் சுண்ணாம்புல கோடு போட்டுட்டு, மத்ததுக்குப் பாய்ச்சோணும்."

"குளத்தோர வரிசையை மட்டும் உட்றாதீங்க. நாங் கல்யாணமாயி வந்தப்ப வெச்சதுங்க."

"அதுதான் மொதல்ல காயுது."

அந்த அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கணவரே சமாதானமாகச் சொன்னார்.

"சுண்ணாம்புதான புள்ள. நல்ல மழை பேஞ்சா அதுவே அழிஞ்சுபோயிரும். அப்புறம் அதுக்கும் தண்ணி உட்டுக்கலாம்."

அந்த அம்மா முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"போன கோடையில போட்ட கோடே இன்னும் அழியலீங்களே."